பெயர் தெரியாத நோயைப் படமாக்குவது எப்படி

ஒரு பெண்ணுக்கு அடிக்கடி தலை வலிக்கிறது. தூங்கி எழுந்தாலும் களைப்பு தீரவில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே இருக்கின்றன. புதுப் பெயின்ட், புதுக் கம்பளம், பக்கத்தில் நிற்பவர் பூசிய சென்ட் என்று ஒவ்வொன்றாகத் தாங்க முடியாமல் போகிறது. மெல்ல வீட்டைவிட்டு ஓர் அறைக்கும், ஊரைவிட்டு ஓர் ஒதுக்குப்புறத்துக்கும் போய்ச் சேருகிறார். கதை இவ்வளவுதான். வில்லன் கிடையாது, கண்ணில் படும் புண்ணோ காயமோ கிடையாது. இதை 110 நிமிடம், பார்ப்பவர் எழுந்து போகாதபடி எடுக்க வேண்டும்.

இந்த வகைப் படத்துக்கு ஒரே ஒரு விதியைத்தான் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். நோய்க்குக் காரணம் ரசாயனமா மனமா என்று படம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பெண் படும் அவதி உண்மை என்பதில் படத்துக்கு ஒரு ஃப்ரேமிலும் சந்தேகம் வரக்கூடாது. லென்ஸ், ஒலி, நடிப்பு, எடிட்டிங் எல்லாவற்றையும் இந்த விதியிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் படியுங்கள்

சிகாகோவைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் தெரன் ராண்டால்ஃப் 1950களிலேயே, அன்றாட ரசாயனங்கள் சிலரை நோயாளியாக்குகின்றன என்று எழுதத் தொடங்கினார். 1987ல் மார்க் கல்லன் என்ற தொழில்சார் மருத்துவர் ‘மல்ட்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி’ என்ற பெயருக்கு ஒரு வரையறை கொடுத்தார். ஏதோ ஒரு ரசாயனத்தோடு ஏற்பட்ட தொடர்புக்குப் பிறகு தொடங்க வேண்டும், உடலின் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் அறிகுறி வர வேண்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல பொருள்களின் மிகச் சிறிய அளவுக்கே அது திரும்பத் திரும்ப வர வேண்டும், வழக்கமான எந்தப் பரிசோதனையும் அதை விளக்கக்கூடாது. 1996ல் பெர்லினில் உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற ஒரு திட்டத்தின் கூட்டத்தில், இந்தப் பெயர் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று கருதி, ‘காரணம் அறியப்படாத சுற்றுச்சூழல் சகிப்பின்மை’ என்ற பொருளில் வேறு பெயரை முன்வைத்தார்கள். எது ரசாயனம், எது வெறும் காற்று என்று நோயாளிக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனைகளில், பலருக்கு வெறும் காற்றிலும் அறிகுறிகள் வந்திருக்கின்றன. அந்த அறிகுறிகள் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தீராத கேள்வி.

இந்த ஆண்டுகளை ஸ்கிரிப்ட் மேசையில் ஒட்டி வையுங்கள். கதை 1985ல் நடந்தால் டாக்டர் வாயில் கல்லன் வரையறுத்த பெயர் வரக்கூடாது. 2005ல் நடந்தால், நோயாளியே இணையத்தில் படித்துவிட்டு அந்தப் பெயரோடு டாக்டரிடம் போவார். இரண்டும் முற்றிலும் வேறு காட்சிகள். அமெரிக்க இயக்குநர் டாட் ஹெய்ன்ஸ், இந்த நோயைப் பற்றி 1995ல் வெளியான தன் ‘சேஃப்’ படத்தின் கதையை 1987ல் வைத்தார். நோய்க்கு அப்போதுதான் பெயர் பிறந்துகொண்டிருந்தது. ஜூலியன் மூர் நடித்த பாத்திரம் தன் உடம்புக்கு ஒரு சொல்லைத் தேடி அலைவது அதனால்தான் இயல்பாக இருக்கிறது.

நோயோடு வாழ்பவர்களின் அன்றாட ஏற்பாடுகளைத் துல்லியமாகச் சேகரியுங்கள். காற்றில் ஆவி விடாத ஓடு, கண்ணாடி, எஃகு, பீங்கான் ஆகியவற்றை மட்டும் வைத்த அறை. சுவரில் ஒட்டிய அலுமினியத் தாள். புதிதாக வந்த கடிதத்தை நாள்கணக்கில் வெளியே தொங்கவிட்டுக் காய வைப்பது. அச்சு மை வாசனை தாங்காமல், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துப் பத்திரிகை படிப்பது. புதுப் பருத்தித் துணியைச் சமையல் சோடாவில் பலமுறை அலசிய பிறகே உடுத்துவது. இவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் காட்டினால் படம் தகவல் தொகுப்பாகிவிடும்.

ஸ்கிரிப்டும் நோய் அட்டவணையும்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு இங்கே ஓடாது. வசனம் குறைவு, ஷாட்கள் நீளம். 60 முதல் 70 பக்க ஸ்கிரிப்டே 110 நிமிடப் படமாகிவிடும். 100 பக்கம் எழுதிவிட்டு வந்தால், எடிட்டிங்கில் காட்சிகளை வெட்டித்தான் நேரத்துக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது முதலில் போவது மௌனமான காட்சிகள்தான். படத்தின் உயிரே அவற்றில் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒரு நீளமான தாளில் அட்டவணை போடுங்கள். காட்சி எண், அந்தக் காட்சியில் அவரைச் சுற்றியிருந்த பொருள், அறிகுறி, நோயின் கடுமை 0 முதல் 5 வரை, யார் கண்ணில் பட்டது, அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள். கடைசியில் ஒரு பத்தி (நெடுவரிசை) முக்கியம்: அறிகுறிக்கு ரசாயனம் அல்லாத இன்னொரு காரணம். ஒவ்வொரு பாதிப்புக்கும் இந்தப் பத்தியில் ஏதாவது எழுத முடிய வேண்டும். அன்று காலையில் அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டில் தனியாக விடப்பட்டார். பத்தி காலியாக இருக்கும் காட்சியில் படம் ரசாயனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பொருள் பத்தி காலியாக இருந்தால் மனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கே இரண்டு பத்தியும் நிரம்பியிருக்கிறதோ அங்கேதான் பார்ப்பவருக்கு உள்ளுக்குள் கலக்கம் வரும்.

கடுமை எண் 1, 2, 3 என்று படிப்படியாக ஏறக்கூடாது. 1, 0, 2, 1, 1, 3, 0, 4 என்று ஏறி இறங்க வேண்டும். நாள்பட்ட நோய் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 0 வரும் நாள்களில் வீட்டார் “இப்போ சரியாயிடுச்சே” என்று நிம்மதி அடைவார்கள். அடுத்த முறை அவர் விழும்போது அவர்களுக்கு அக்கறையை முந்திக்கொண்டு சலிப்பு வருவதற்கு அந்த நிம்மதியே காரணமாகிறது.

கூடியவரை கதை வரிசையிலேயே படமெடுங்கள். முடியாவிட்டால் கடுமை எண்ணின்படி நான்கு கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். காலையில் 4, மதியம் 1 என்று மாற்றி மாற்றி எடுத்தால் நடிகையின் குரலும் நடையும் இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றுவிடும்.

அறை பெரிது, ஆள் சிறிது

நோயைக் காட்ட முடியாது என்பதால், நோய் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். முதல் பாதியில் அந்தப் பெண் ஃப்ரேமின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மட்டும் இருந்தால் போதும். சூப்பர் 35 என்ற சினிமா அளவுச் சென்சார் உள்ள கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் இதற்கு வசதி. லென்ஸின் ஒளித்துளையை f/5.6ல் வைத்து 4.1 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 2 மீட்டரிலிருந்து கடைசிச் சுவர்வரை எல்லாமே தெளிவாக இருக்கும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சோஃபா, திரைச்சீலை, சுத்தம் செய்யும் திரவப் பாட்டில் எல்லாம் அவருடைய முகத்துக்குச் சமமான தெளிவோடு இருந்தால்தான் பார்ப்பவரின் கண் எதைச் சந்தேகிப்பது என்று அலையும். ஃபோகஸை மாற்றிப் பாட்டிலைச் சுட்டிக்காட்டிவிட்டால் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஃப்ரேமின் அகலம் அதன் உயரத்தைப் போல 1.85 மடங்கு போதும். 2.39 மடங்கில் கூரை போய்விடும். தலைக்கு மேல் கூரை தெரிவது இந்தப் படத்துக்கு அவசியம்.

கேமராவை ஆணி அடித்தது போல் நிறுத்துங்கள். நகர்த்தினால், நகர்வது தெரியக்கூடாது. 60 செ.மீ. தூரத்தை 40 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 1.5 செ.மீ. அந்த வேகத்தில் கையால் ட்ராலி தள்ளினால் தொடக்கத்தில் ஒரு குலுக்கல் கட்டாயம் வரும். மோட்டார் வைத்த ஸ்லைடர் (கேமரா ஊர்ந்து நகரும் சின்னத் தண்டவாளம்) வையுங்கள். நடிப்பு தொடங்குவதற்கு 5 விநாடி முன்பே நகர்வைத் தொடங்கி, முடிந்த பிறகும் 5 விநாடி ஓடவிடுங்கள். ஸ்லைடர் இல்லையென்றால் 6கே-யில் நிலையாக எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் 100 சதவீதத்திலிருந்து 112 சதவீதம் வரை மெல்லப் பெரிதாக்கலாம். 4கே-யில் வெளியிடும்போது படம் கெடாது.

ட்யூப்லைட் வெளிச்சத்தை அப்படியே பயன்படுத்துங்கள், அதில் வரும் லேசான பச்சையை முழுக்கத் திருத்திவிட வேண்டாம். ஆனால் விளக்கு மின்னி மின்னி எரிவதைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் விநாடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கும்போது கேமரா ஷட்டரின் திறப்புக் கோணம் 172.8 டிகிரி, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 144 டிகிரி. இதைச் சரிபார்க்காமல் எடுத்தால் அசையாத ஷாட்டில் சுவர் மெல்லத் துடிக்கும். பார்ப்பவர் அதை நோயின் குறியீடு என்று நினைத்துக்கொள்வார்.

நிறத்தில் ஒரே ஒரு முடிவு எடுத்தால் போதும்: முதல் பாதியில் அவருடைய உடையும் சுவரும் ஒரே குடும்பத்து நிறம். அவர் தன் வீட்டுக்குள்ளேயே கரைந்து போகிறார் என்பது வசனமில்லாமல் வந்துவிடும். இத்தாலிய இயக்குநர் மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி 1964ல் ‘ரெட் டெசர்ட்’ படத்துக்காக மரங்களுக்கும் புல்லுக்கும்கூடப் பெயின்ட் அடிக்க வைத்தார். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு பூச்சாடியின் நிறம்கூடத் தற்செயலாக அமையக்கூடாது என்ற பிடிவாதத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடாதவை மூன்று உண்டு. காற்றில் ஆவி மிதப்பதைக் காட்டும் கிராஃபிக்ஸ். மயக்கத்தைக் காட்ட அவர் கண்வழியே மங்கலாகும் ஷாட். சிறுவயதில் நடந்த ஏதோ ஒன்றை நோய்க்குக் காரணமாக்கும் ஃப்ளாஷ்பேக். மூன்றுமே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம்: புது அலமாரி

படுக்கையறைக்குப் புது அலமாரி வருகிறது. மரத்தூளைப் பசையால் ஒட்டி அழுத்திய பலகையில் செய்தது. யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை பயன்படுத்திய பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். புதிதில் அதிகமாகவும், வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் அதிகமாகவும் வரும். அதற்கு நிறம் கிடையாது. அதனால் காட்சியை மூடிய ஜன்னலோடு, வெயில் ஏறிய மதியத்தில் வையுங்கள். விவரம் தெரிந்தவருக்குப் புரியும், தெரியாதவருக்குப் புழுக்கமாவது எட்டும்.

முதல் ஷாட் 35 விநாடி. கேமரா நடைவழியில் நின்று கதவு வழியாகப் பார்க்கிறது. இரண்டு ஆட்கள் அலமாரியை நிமிர்த்துகிறார்கள். மனைவி அவர்களுக்குப் பக்கத்திலேயே சுவரோடு ஒட்டி நிற்கிறார். ஆனால் அவரைத் தாண்டி, தள்ளி நிற்கும் கணவரைப் பார்த்து “இங்கதானே சார்?” என்று கேட்கிறார்கள். அட்டவணையின் கடைசிப் பத்தி இந்த ஒரு வரியில் நிரம்பிவிடுகிறது. அவருடைய அறையில் அவரிடம் யாரும் கேட்கவில்லை. இதை முகபாவத்தால் அழுத்த வேண்டாம். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டாவது, 25 விநாடி. ஆட்கள் போய்விட்டார்கள். கதவில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை அவர் ஓரத்திலிருந்து உரிக்கிறார். அந்தச் சத்தம் மட்டும். இந்தச் சத்தத்தைத் தனியாக, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, 50 விநாடி. இரவு. இருவரும் படுக்கையில். ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்கை அலமாரி அடைத்து நிற்கிறது. கணவர் நன்றாகத் தூங்குகிறார். இது மிக முக்கியம்: அதே காற்றைச் சுவாசிக்கும் இன்னொருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி விழித்திருக்கிறார். இருமல் வேண்டாம். ஒருமுறை எழுந்து உட்கார்ந்து, மறுபடி படுக்கிறார்.

நான்காவது, 20 விநாடி. காலை. அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடுகிறார். குளோசப் கிடையாது.

ஐந்தாவது, 30 விநாடி. சாப்பாட்டு மேசை. கணவர் “அலமாரி நல்லா பொருந்திடுச்சு, இல்ல?” என்கிறார். மனைவி “ம்” என்கிறார். மூக்கின் பக்கவாட்டை விரலால் ஒருமுறை தொட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஆறாவது, 40 விநாடி. முதல் ஷாட்டின் அதே கேமரா இடம். படுக்கையறைக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது. ஃப்ரேமின் ஓரத்தில், வெளியே சோஃபாவில், போர்வையோடு அவர் படுத்திருக்கிறார்.

மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி. ஓர் அறையை அவர் இழந்துவிட்டார். எதனால் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் காட்சி சொதப்பும் இடம் பெரும்பாலும் மூன்றாவது ஷாட்தான். பயமுறுத்தும் படம் போல அலமாரிக்கு மேல் ஒரு தனி விளக்கு வைக்கத் தோன்றும். வைத்தால் அலமாரி பேயாகிவிடும். சுவரில் விழும் அதே வெளிச்சம் அதன் மேலும் விழட்டும்.

காதுக்குத்தான் முதலில் தெரியும்

ஒவ்வொரு லொகேஷனிலும் யூனிட் மொத்தமும் அசையாமல் நிற்க, 90 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் வெறும் ஒலி) எடுங்கள். 30 விநாடியில் முடித்துக்கொள்பவர்கள் நீளமான ஷாட்டுக்கு அதையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். ஏதாவது ஒரு சின்னச் சத்தம் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

பிறகு வீட்டு இயந்திரங்களைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். ஃப்ரிட்ஜை ஒரு மீட்டர் தூரத்தில், அடுத்த அறையிலிருந்து, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து என்று மூன்று விதமாக. ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர்க் குழாய், பழைய ட்யூப்லைட் சோக். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக்கின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும், 60ல் 120. கதை நடக்கும் நாடு மாறினால் இதுவும் மாற வேண்டும்.

ஃப்ரிட்ஜ்தான் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். கம்ப்ரசர் ஓடும் காட்சியில் அதன் அளவை நிமிடத்துக்கு 1 டெசிபல் வீதம் நான்கு நிமிடம் ஏற்றுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் தோள் இறுகும். பிறகு கம்ப்ரசர் ஒரு சின்ன உதறலோடு நிற்கட்டும். இவ்வளவு நேரம் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரியும். அந்தப் பெண் தலையைத் திருப்ப வேண்டிய இடம் அதுதான். இதைப் படத்தில் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

மொபைலில் பார்ப்பவருக்கு 80 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கவே கேட்காது. அதே ஒலியின் மேல்வரிசை அதிர்வுகளை 200, 300 ஹெர்ட்ஸ் பகுதியில் லேசாகச் சேர்த்துவிட்டால் சின்ன ஸ்பீக்கரிலும் அழுத்தம் மிஞ்சும். மௌனம் வேண்டிய இடத்தில் ட்ராக்கை முழுக்க வெறுமையாக்காதீர்கள். தியேட்டரில் ஒலி அறுந்துவிட்டது என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரூம் டோன் மிகத் தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னணி இசையைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதல் எடிட்டை இசையே இல்லாமல் முழுதாகப் பாருங்கள். இசை வேண்டும் என்று தோன்றும் இடங்கள் ஐந்தாறுக்கு மேல் வந்தால், எடுத்த ஷாட்கள் பலவீனம் என்று அர்த்தம்.

நடிப்பும் பாதுகாப்பும்

குரலை மூச்சிலிருந்து தொடங்குங்கள். மூச்சை இழுத்து, பாதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தில் வசனத்தைப் பேசச் சொல்லுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் தானாகத் தேய்ந்துவிடும். நடிக்காமலேயே களைப்பு வரும். இதற்குக் காலர் மைக் மட்டும் போதாது. நெஞ்சோடு ஒட்டியிருக்கும் மைக்கில் துணி உரசல் மூச்சை விழுங்கிவிடும். ஃப்ரேம் இடம் கொடுக்கும்போதெல்லாம் நீண்ட கம்பில் பிடிக்கும் பூம் மைக்கை வாயிலிருந்து 50 செ.மீ. அளவில் வையுங்கள். அகலமான ஷாட்டில் அது முடியாது. அப்போது ஷாட் முடிந்த கையோடு, அதே இடத்தில், அதே களைப்போடு மூச்சை மட்டும் தனியே பதிவு செய்துவிடுங்கள். மாதங்கள் கழித்து டப்பிங் தியேட்டரில் அந்த மூச்சு திரும்ப வராது.

மூச்சுத் திணறல் காட்சியை மூன்று டேக்குக்கு மேல் ஒரே மூச்சாக எடுக்காதீர்கள். வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன்டை ஆக்சைடு குறைந்து, நிஜமாகவே தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். மூன்று டேக், பிறகு பத்து நிமிடம் உட்கார வைத்து இயல்பாக மூச்சுவிட விடுங்கள். இருமலைச் சத்தமில்லாமல் உடம்பால் மட்டும் செய்யச் சொல்லிவிட்டு, சத்தத்தை டப்பிங்கில் சேர்ப்பது தொண்டைக்கு நல்லது.

நடிகையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது தேவையே இல்லை. ஒரே சட்டையை மூன்று அளவில் தையுங்கள். தொடக்கத்தில் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், கடைசியில் மூன்று விரல். கைக்கடிகாரப் பட்டையும் அப்படியே, மணிக்கட்டில் இறங்கித் தொங்கட்டும். கன்ன எலும்புக்குக் கீழே மெல்லிய நிழல் மேக்கப். பார்ப்பவர் எடை குறைந்துவிட்டதாகவே நம்புவார்.

கார் நிறுத்துமிடத்தில் வண்டிப் புகை வரும் காட்சி இருந்தால், மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, உயிரை எடுக்கும். வண்டி நிற்கட்டும், ஹெட்லைட் எரியட்டும், சத்தம் பிறகு வரும். ஆக்சிஜன் சிலிண்டர் காட்டினால் அது காலியாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் கசியும் இடத்தில் ஒரு பொறியும் பெருந்தீயாகும். முகமூடி மாட்டும் காட்சிகளில் உள்ளிருக்கும் கரி வடிகட்டியை எடுத்துவிட்டால் நடிகை சிரமமில்லாமல் மூச்சுவிடலாம், வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. செட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் இரண்டு நாளாவது ஜன்னலைத் திறந்துபோட்டுக் காய விடுங்கள். புகை இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஆலோசனைக்கு நோயோடு வாழும் ஒருவரை அழைத்தால், அன்று யூனிட்டில் யாரும் சென்ட் பூசி வரக்கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவரைச் செட்டுக்கு வரவழைப்பதைவிட, ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு நாம் அவர் இருக்கும் இடத்துக்குப் போவது இன்னும் நல்லது.

ஒதுங்கிய இடம்

இரண்டாம் பாதியில் அவர் போய்ச் சேரும் இடத்தை, ஏமாற்றுக்காரர்களின் கூடாரமாக எழுதுவது சுலபம். எழுதினால் படம் சின்னதாகிவிடும். அங்கே அவருக்கு நிஜமாகவே ஆறுதல் கிடைக்க வேண்டும். முதல்முறையாக ஒருவர் “உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்கிறார். அதற்காகத்தான் அவர் அங்கேயே தங்குகிறார். அங்கே தரும் ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு: நோய் உன்னால்தான் வந்தது, உன் மனம் திருந்தினால் போய்விடும் என்று மெல்ல மெல்லச் சொல்கிறார்கள். இதைச் சொல்பவரை மிக அன்பானவராக நடிக்க வையுங்கள். குரல் உயரவே கூடாது.

இடம் திறந்த வெளியாக இருக்கட்டும், ஆனால் அவருடைய அறை காட்சிக்குக் காட்சி சுருங்கட்டும். வீடு, அறை, மரக்குடில், கடைசியில் பீங்கான் ஓடு பதித்த இரண்டரை மீட்டர் சதுர அறை. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். 24 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஃப்ரேமுக்குள் வருவது சுமார் 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லை. நிற்கும் ஆளின் தலையோ காலோ வெட்டுப்படும். இன்னும் அகலமான லென்ஸ் போட்டால் சுவர் வளைந்து, அறை பெரிதாகத் தெரியும். எல்லாம் தலைகீழாகிவிடும். கேமராவை வாசலுக்கு வெளியே 4 மீட்டர் தூரத்துக்குத் தள்ளுங்கள். ஃப்ரேம் 4 மீட்டருக்கு 2.2 மீட்டர் என்று விரியும், ஆள் முழுதாகத் தெரிவார், கதவுச் சட்டமே அவரைச் சுற்றி இன்னொரு சட்டமாக நிற்கும். செட் போடுவதென்றால் ஒரு சுவரைக் கழற்றும்படி அமையுங்கள், ஆனால் அந்தச் சுவரைக் கழற்றி எடுத்த ஷாட் ஓரிரண்டுக்கு மேல் வேண்டாம். கேமரா சுவருக்குள்ளிருந்து பார்ப்பதைப் பார்ப்பவர் உடம்பு உணர்ந்துகொள்ளும்.

பீங்கான் அறையில் எதிரொலி அதிகம். வசனத்தை அங்கேயே பதிவு செய்யுங்கள். அந்த எதிரொலியை ஸ்டூடியோவில் செயற்கையாகச் சேர்த்தால் குரல் குளியலறையிலிருந்து வருவது போலிருக்கும்.

வெட்டும் இடம்

110 நிமிடத்துக்கு 300 ஷாட் என்று வைத்தால் சராசரி 22 விநாடி. இது சராசரிதான். எல்லா ஷாட்டும் 22 விநாடி என்றால் தாலாட்டாகிவிடும். 6 விநாடி ஷாட் மூன்றுக்குப் பிறகு 70 விநாடி ஷாட் ஒன்று வந்தால்தான் 70 விநாடி நீளமாகத் தெரியும்.

ஆள் ஃப்ரேமைவிட்டுப் போன பிறகும் மூன்று விநாடி வைத்திருக்கும் பழக்கம் இந்த வகைப் படங்களில் நோய் போலப் பரவியிருக்கிறது. வெற்று ஃப்ரேமில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் வையுங்கள்: திரைச்சீலை அசைகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, அடுத்த அறையில் ஒருவர் போனில் பேசுகிறார். ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஆளோடு சேர்ந்து வெட்டிவிடுங்கள். மெதுவாக இருப்பதும் காலியாக இருப்பதும் ஒன்றல்ல, இதில் சமரசமே கூடாது.

முதல் எடிட்டைப் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காட்டி, மூன்று கேள்விக்குத் தாளில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வேண்டாம், முதலில் பேசுபவர் மற்றவர்களை இழுத்துவிடுவார். அவருக்கு என்ன பிரச்சினை? யார் மேல் கோபம் வந்தது? எந்த இடத்தில் மொபைலை எடுக்கத் தோன்றியது? முதல் கேள்விக்குப் பத்துப் பேர் “மனப்பிரச்சினை” என்று எழுதியிருந்தால் புதுக் காட்சி எதுவும் எடுக்க ஓடாதீர்கள். அநேகமாக, ஒரு சண்டைக்கு அடுத்த காட்சியிலேயே அவர் மயங்கி விழுந்திருப்பார். இரண்டுக்கும் நடுவே அலமாரி போன்ற ஒரு காட்சியை நகர்த்தி வைத்தால் தராசு நேராகும். எல்லாரும் “ரசாயனம்தான்” என்று எழுதியிருந்தால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள். பதில்கள் சரிபாதியாகப் பிரிந்து, அந்தத் தாளைப் பார்த்துப் பார்வையாளர்கள் தங்களுக்குள் வாதம் செய்யத் தொடங்கினால் எடிட்டைப் பூட்டிவிடலாம்.

கடைசிக் காட்சியில் அவர் குணமாகவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். சின்ன அறையில், அவருக்குப் பழகிப்போன ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். கழுவி உலர்த்திய துணியை மடிக்கலாம், வந்த கடிதத்தைத் தொங்கவிடலாம். படத்திலேயே நெருக்கமான ஷாட் இதுவாக இருக்கட்டும், 50 மி.மீ. லென்ஸில், கண்மட்டத்தில், ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். இவ்வளவு நேரம் தூரத்திலிருந்து பார்த்தவருக்கு இப்போதுதான் முகம் முழுதாகக் கிடைக்கிறது. கருப்புக்கு வெட்டிய பிறகும், எழுத்துகள் ஓடத் தொடங்கி 20 விநாடி வரை அந்த அறையின் ரூம் டோன் தொடரட்டும். இசை வைப்பதென்றால் அதற்குப் பிறகு வையுங்கள்.